மலைநாட்டு மரக்கறித் தோட்டமும் ஓடைப் பாதுகாப்பும்

நுவரெலியா மாவட்டத்தின் மரக்கறித் தோட்டங்களுட் பல செங்குத்தான சாய்வுகளில் அமைந்துள்ளன. உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா முதலியவற்றை அடுத்தடுத்துப் பயிரிடுவதால் அங்கு மண் அடிக்கடி கொத்திப் புரட்டப்படுகின்றது. வெறுமையாய்க் கிடக்கும் அம்மண்மீது பெருமழை பொழியும்போது தோட்டத்தின் அடியிலுள்ள ஓடை செந்நிறமாகின்றது. அச்செந்நிறம் கமக்காரரின் மேல்மண்ணேயாகும்.

இம்மண் ஓடையோடு நின்றுவிடுவதில்லை. நுவரெலியாவின் கிறகரி வாவியிலிருந்து வெளியேறும் நீர் நானு ஓயா, கொத்மலை ஓயா வழியாகக் கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து மகாவலியிற் கலக்கின்றது. மலையில் இழந்த மண் கீழேயுள்ள தேக்கங்களில் வண்டலாய்ப் படிகின்றது. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லைத் தேக்கத்தின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் 1988 ஆம் ஆண்டளவில் வண்டலால் நிரம்பியிருந்தது.

மண்ணோடு செல்பவை

பசளையிலுள்ள பொசுபரசு மண் துணிக்கைகளோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே மண் போகுமிடமெல்லாம் அதுவும் போகும். நைதரசன் பசளையின் ஒரு பகுதி நீரிற் கரைந்தே செல்லும். இவை தேங்கிய நீரைச் சேர்ந்தால் பாசி பெருகி நீர் பழுதடையும். பீடைகொல்லிகளும், மூடாது குவித்த கோழியெருவும் இவ்வாறே அடித்துச் செல்லப்படும். தோட்டக் குடியிருப்புகளிற் பல, ஓடைநீரையும் ஊற்றுநீரையுமே குழாய் மூலம் பெறுகின்றன என்பதை மறத்தலாகாது.

நீரின் வேகத்தைக் குறைத்தல்

ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே நீரை மேட்டிலேயே தடுத்து மெதுவாக நடக்கச் செய்தல் வேண்டும். நீர் தேங்கினாற் கிழங்கு அழுகிவிடும் என்று அஞ்சிச் சிலர் பாத்திகளை மேலிருந்து கீழாக அமைக்கின்றனர். அவ்வச்சம் நியாயமானதே, ஆனால் அம்முறை ஒவ்வொரு சாலையும் ஒரு சிற்றாறாக்கிவிடும். பின்வரும் முறைகளால் நீர் வடிவதோடு மண்ணும் நிலைக்கும்.

1. சமவுயரக் கோடு குறித்தல்: ஒரே நீளமான இரு கம்புகளின் நுனிகளை ஒன்றாகக் கட்டி, கால்களை விரித்து, நடுவே குறுக்குச் சட்டம் பொருத்துக. உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. நூல் சட்டத்தைத் தொடுமிடத்தைக் குறித்து, கால்களை இடம்மாற்றி வைத்து மீண்டும் குறிக்க. இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியில் நூல் நிற்குமாயின் இரு கால்களும் ஒரே உயரத்தில் உள்ளன. அவ்விடங்களில் முளையடித்துக்கொண்டே சாய்வின் குறுக்காகச் செல்க.

2. கான் வெட்டுதல்: இக்கோட்டைத் தழுவி, 120 அடிக்கு 1 அடி மட்டுமே தாழும்படி கான் வெட்டுக. கானினுள் இடையிடையே குழியும், கரையிலும் தாழ்ந்த மண் தடுப்பும் விடுக. மண் குழியிற் படியும். மிகுநீர் தடுப்பின்மேல் வழிந்து செல்லும். படிந்த மண்ணை மீண்டும் பாத்தியிற் சேர்க்க. கானின் முடிவிடம் கல்பதித்த அல்லது புல் வளர்ந்த வடிகாலாக இருத்தல் வேண்டும்.

3. பாத்தியும் வேலியும்: பாத்திகளைச் சாய்வின் குறுக்கே அமைக்க. கானின் ஓரத்தில் கல்லணை கட்டுக. அல்லது குவாத்தமாலாப் புல் போன்ற வேரடர்ந்த புல்லை நெருக்கமாக நடுக. அப்புல் மாட்டுத் தீவனமுமாகும்.

4. மண்ணை மூடுதல்: அறுவடைக்கும் அடுத்த நடுகைக்கும் இடையே பயிர்க்கழிவு, புல் முதலியவற்றால் மூடுபடை இடுக. மழைத்துளி மண்ணை நேரே தாக்குவதை இது தடுக்கும்.

5. பசளை இடுதல்: மண்ணைப் பரிசோதித்துத் தேவையான அளவே இடுக. பெருமழை வரும் அறிகுறி இருப்பின் அன்று பசளையிடுதலையும் மருந்து தெளித்தலையும் தவிர்க்க.

6. ஓடைக்கரை: கரையின் புல்லையும் மரஞ்செடிகளையும் அழித்துப் பயிரிடலாகாது. தெளிகருவியை ஓடையிற் கழுவலாகாது. வெறும் மருந்துப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளிக்க.

பயனை அறியும் வழி

பெருமழையின்போது தோட்டத்தை விட்டு வெளியேறும் நீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஓரிரவு அசையாது வைத்தால் அடியில் மண் படியும். கான் வெட்டுமுன்னும், வெட்டிய பின் அதேபோன்ற மழையிலும் எடுத்த நீரை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்.

மண்ணரிப்பைத் தடுப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அது 1996 இல் திருத்தப்பட்டது. எனினும் சட்டத்திற்கு முன்னதாகவே மண்ணைக் காக்க வல்லவர் கமக்காரரே. மேல் தோட்டத்துக் கான் கீழ்த் தோட்டத்தைப் பாதிக்குமாதலால், ஒரே சாய்விலுள்ள கமக்காரர் கலந்துபேசி இவ்வேலையை மேட்டிலிருந்து தொடங்குதல் நன்று. மேலதிக விபரங்களைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.