அகிலும் வல்லப்பட்டையும்: வாசனைப் பிசின்களின் இரசாயன ஒப்பீடு

மழை மிகுந்த தென்மேற்குப் பகுதிகளில் வளரும் வல்லப்பட்டை மரத்தைக் கமக்காரர் நெடுங்காலமாக அதன் நார்ப்பட்டைக்காகவே அறிந்திருந்தனர். பொதி கட்டக் கயிறாய் உதவிய அம்மரத்துக்கு இப்போது வேறொரு மதிப்பு உண்டாகியிருக்கின்றது. விதைப்புச் செலவுக்குப் பணமில்லாத வேளை பார்த்து, "மரம் முழுவதும் அகில்" என்று சொல்லி வருவோருக்கு விடை கூறுமுன், அதனுள் இருப்பது யாதென அறிதல் வேண்டும்.

மலைநாட்டில் நடப்பட்ட பைன் மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் வழியும். அதிலுள்ள பைனீன் என்னும் பொருளின் மூலக்கூறு 10 காபன் அணுக்களை உடையது. ஆகையால் விரைவில் ஆவியாகும். அகிலின் பிசினோ வழிவதில்லை. காயத்தின் வழியே பங்கசு புகும்போது, மரம் தன்னைக் காக்கப் பிசினைத் தண்டினுள்ளேயே உண்டாக்குகின்றது. வெளிறி இலேசாயிருந்த கட்டை அவ்விடத்தில் மாத்திரம் கறுத்துப் பாரமாகும்.

இப்பிசினில் இருவகைப் பொருட்கள் முக்கியமானவை. ஒன்று, 15 காபன் அணுக்கள் கொண்ட செசுக்குவித்தேர்பீன்கள். கட்டையை வடிக்கும்போது எண்ணெயாய் வருபவை பெரும்பாலும் இவையே. மற்றையது பீனைலெதைல் குரோமோன்கள். இவை எளிதில் ஆவியாகா, தணலில் இட்டபின் சிதைந்தே மணம் தரும். எண்ணெயின் மணமும் புகையின் மணமும் வேறுபடுவது இதனாலேயே.

அசாம் முதல் வியட்நாம் வரை வளரும் அகிலும் நமது வல்லப்பட்டையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் நடந்த ஆராய்ச்சியில் வல்லப்பட்டைப் பிசினிலும் இவ்விருவகைப் பொருட்களும் காணப்பட்டன. எனினும் அளவு மரத்துக்கு மரம் மாறும். சந்தனத்தின் சந்தலோலும் 15 காபன் அணுக்கள் உடையதே. ஆனால் அது நோயற்ற மரத்தின் வைரத்தில் வயதோடு சேர்வது. வல்லப்பட்டைக்கு இது பொருந்தாது. முதிர்ந்த மரமாயினும் நோயற்றதாயின் வெட்டியவருக்குக் கிடைப்பது விறகே. ஆணி அறைந்து பார்ப்போரும் உளர். காயம்பட்ட மரமெல்லாம் பிசின் தருவதில்லை, சில உளுத்தும் போகும்.

நீரில் அமிழ்வதே நல்ல அகில் என்பர். எண்ணெயும் சாயமும் ஊட்டிய கட்டையும் பாரமாகுமாதலால், அச்சோதனையை மாத்திரம் நம்புதல் தகாது.

அகில், வல்லப்பட்டை இனங்களை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க 2004 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டு செல்லப்படும் கட்டையைச் சுங்கத்தார் கைப்பற்றுவர். காட்டு மரத்தைத் தொடாதீர்கள். சொந்தத் தோட்டத்து மரமாயினும் கோடரி வைக்குமுன் வனத் திணைக்கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மரக்கறிப் பாத்தியோரம் தானாய் முளைத்த கன்றைக் களையென்று பிடுங்காமல் வேலியோரத்தில் பெயர்த்து நடலாம்.