கவிழ்ந்த டிராக்டரை நிமிர்த்தும் முறை

திண்டுக்கல் நகரைச் சூழ்ந்துள்ள பூமியைச் சமவெளி என வழங்கினும், அது முற்றிலும் சமமான தரையன்று. தென்கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரும் நிற்க, அவற்றினின்று இறங்கும் ஓடைகள் செம்மண்ணை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஆத்தூர்ப் பக்கத்து ஓடைகளின் நீரைப் பெறும் குடகனாறு வடக்கு நோக்கி வேடசந்தூர் வழியாய்ச் சென்று அமராவதியில் கலக்கின்றது. இவ்வோடைக் கரைகளும், குளக்கரைகளும், கைப்பிடிச் சுவரில்லாத இறவைக் கிணறுகளின் ஓரங்களும் டிராக்டருக்கு அபாயமான இடங்களாம். கோடை உழவில் வறண்ட சரிவிலும், ஐப்பசி கார்த்திகையில் மழையால் ஊறிய கரையிலும் டிராக்டர் கவிழ்தல் நேரிடும். நகரத்திலிருந்து உதவி வந்து சேருமுன், அயல் நிலத்தார் பத்துப் பேர் ஓடிவந்து கைவைப்பது வழக்கம். அவ்வுதவி உயிரைக் காக்கவும் கூடும்; முறையறியாது செய்யின் இரண்டாவது உயிரை வாங்கவும் கூடும். ஆகையால், நிலமுடையோரும் கிராமாதிகாரிகளும் இம்முறையை முன்னரே அறிந்து தம் ஆட்களுக்கும் கற்பித்து வைத்தல் அவசியம்.

கவிழ்வதன் காரணம்

டிராக்டர் இரு வகையாய்க் கவிழும். கரையோரம் இடிந்தோ, சரிவில் குறுக்கே செல்லும்போது மேற்சக்கரம் மேட்டில் ஏறியோ பக்கவாட்டில் சாய்வது ஒன்று. சேற்றில் புதைந்த பின்சக்கரம் சுழலாமல் நிற்க, யந்திரத்தின் விசை முன்பாகத்தைத் தூக்கிப் பின்புறமாய்ப் புரட்டுவது மற்றொன்று. இரண்டாவது வகையில் ஏறக்குறைய ஒன்றரை விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓட்டுபவர் குதித்துத் தப்ப அவகாசமிராது. 1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட்ஸன் டிராக்டர் இவ்வாறு புரள்வதற்குப் பெயர் பெற்றிருந்தது. ஐர்லாந்து தேசத்து ஹாரி பெர்குஸன் அமைத்த மும்முனை இணைப்பு இவ்வபாயத்தைக் குறைத்தது. ஆயினும், இழுவைச் சங்கிலியைத் தாழ்ந்த கொக்கியில் மாட்டாமல் உயரத்தில் கட்டினால் அந்நன்மை போய்விடும்.

முதற் கடமை

யந்திரத்தைப் பற்றிய கவலை பிறகு இருக்கட்டும். முதலில் ஓட்டியவர் எங்கே என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டும். டீஸல் கசியக் கூடுமாகையால், பீடி, தீக்குச்சி ஆகியவற்றை அருகில் வரவொட்டாது தடுத்து, சோளத்தட்டை வைக்கோல் முதலியவற்றை விலக்க வேண்டும். ஒருவர் 108-க்கும் தீயணைப்பு நிலையத்திற்கும் செய்தி சொல்ல, மற்றொருவர் பெருவழிக்குச் சென்று வண்டிக்கு வழிகாட்ட நிற்பாராக. வயற்காட்டில் இடத்தைத் தேடுவதிலேயே நேரம் வீணாகிறது.

ஆள் அடியில் அகப்பட்டிருப்பின், பலர் கூடி யந்திரத்தைத் தூக்க முற்படலாகாது. ஏறக்குறைய 2 டன் எடையுள்ள டிராக்டரைத் தூக்கி நிறுத்த இயலாது. பாதியில் கை நழுவினால் பாரம் மறுபடியும் அவர்மீதே இறங்கும். மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கி முட்டுக் கொடுத்து யந்திரம் அசையாதபடி செய்தபின், அவருடைய உடலின் கீழுள்ள மண்ணைத் தோண்டி விடுவிப்பது பல சமயங்களில் தூக்குவதினும் பாதுகாப்பானது. மார்போ கழுத்தோ அமுங்கி மூச்சு முட்டினால் கணமும் தாமதியாமல் இதைச் செய்ய வேண்டும். கால் மாத்திரம் நெடுநேரம் அமுங்கியிருந்தால், மருத்துவ உதவியாளர் வந்தபின் விடுவிப்பது நலம். நசுங்கிய தசையிலிருந்து வெளிப்படும் நஞ்சு, பாரம் நீங்கியவுடன் இரத்தத்தில் பரவி இருதயத்தைத் தாக்கக் கூடும்.

வழக்குக்கு அஞ்சி உதவாமல் நிற்பவரும் உண்டு. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டோர்க்கு நல்லெண்ணத்துடன் உதவியவர்க்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. இதனைக் கிராமாதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். மரணம் நேர்ந்திருப்பின், போலீஸார் வந்து பார்வையிடும் வரை யந்திரத்தை அசைக்கலாகாது.

நிமிர்த்துவதற்கு முன்

ஆள் யாரும் அடியில் இல்லை என்று உறுதியான பின், அவசரத்திற்கு இடமில்லை. இருட்டிவிட்டால் விடியும் வரை காத்திருப்பதே மேல். பாட்டரியின் எதிர்மின் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். டிரெயிலரும் கலப்பையும் பூட்டப்பட்டிருந்தால், அவை இறுகி நிற்கும் பக்கத்தை ஆராய்ந்து, முட்டுக் கொடுத்தபின் பிரிக்க வேண்டும். காப்பீடு செய்திருப்பவர் கிடந்த நிலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

பக்கவாட்டில் சாய்ந்த டிராக்டரைச் சக்கரங்கள் நோக்கும் திசையிலிருந்து இழுக்க வேண்டும். கரையிலிருந்து ஒருமுறை புரண்ட வண்டியின் சக்கரங்கள் பெரும்பாலும் கரையையே நோக்கியிருக்கும். ஆதலின் இழுக்கும் டிராக்டரோ, ஊர்களில் ஜே.சி.பி. என வழங்கும் மண்வாரி யந்திரமோ கரைமேல் நிற்க நேரிடும். பள்ளம் எத்தனை அடி ஆழமோ அத்தனை அடியேனும் விளிம்பினின்று விலகி நிற்க வேண்டும். இன்றேல் கரை இடிந்து அதுவும் உடன் வீழும்.

கிணற்றில் நீர் இறைத்துப் பழகிய தேங்காய்நார்க் கயிறு இவ்வேலைக்கு உதவாது. பாரத்திற்கேற்ற கம்பி வடமோ சங்கிலியோ வேண்டும். அதை மேலே நிற்கும் பின்சக்கரத்தின் அச்சுப் பகுதியில் கட்ட வேண்டும். ஸ்டீரிங்கிலோ மட்கார்டிலோ கட்டலாகாது. மரத்தில் கட்ட நேர்ந்தால், வேரூன்றிய புளிய மரத்தின் அடிப்பாகத்தில், சாக்கு சுற்றிக் கட்டுக. முருங்கை போன்ற மென்மரங்கள் முறியும்.

நிமிர்த்தும் விதம்

தரையில் படிந்திருக்கும் சக்கரங்கள் சறுக்காதபடி, இழுக்கும் பக்கத்தில் கட்டை கொடுக்க வேண்டும். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுவோர் அறிந்த வித்தையே இது. பின்பு, அதே அச்சில் இரண்டாவது வடம் ஒன்றைக் கட்டி எதிர்த்திசையில் ஒரு மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். இப்பிடிவடத்தைப் பலர் விட்டுவிடுகின்றனர். சாய்ந்த டிராக்டர் எழத் தொடங்கும்போதுதான் இழுப்பு மிகக் கனமாயிருக்கும். எழ எழ இலகுவாகும். ஒரு நிலையைக் கடந்ததும் தன் பாரத்தாலேயே மறுபுறம் விழும். பிடிவடம் இல்லையேல் அது சக்கரங்களின்மேல் மோதி, மேலும் ஒருமுறை புரண்டாலும் புரளும். பிடிவடத்தைச் சிறிது சிறிதாய்த் தளர்த்தி இறக்கினால் இத்தீங்கில்லை.

இழுக்கும் டிராக்டரின் தாழ்ந்த கொக்கியிலேயே வடத்தை மாட்டி, முதற் கியரில், வெட்டி இழுக்காமல் மெல்ல நகர்த்த வேண்டும். கட்டளையிடுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். அறுந்த வடம் சாட்டை போல் திரும்பி வரும். அதன் நடுவில் ஈரச்சாக்கு போட்டு, வடத்தின் நீளத்திற்கு ஒன்றரை மடங்கு தூரத்திற்குள் யாரும் நில்லாமல் காக்க வேண்டும். தலைகீழாய்க் கிடக்கும் டிராக்டரை முதலில் பக்கவாட்டில் சாய்த்து, முட்டுக் கொடுத்து, பின்னரே நிமிர்த்துக.

நிமிர்ந்த பின்

உடனே ஸ்டார்ட் செய்து பார்ப்பது பெருந்தவறு. சாய்ந்து கிடந்தபோது எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். எண்ணெய் காற்றைப்போல் அமுங்காது. எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுழற்றி எண்ணெயை வெளியேற்றி, எண்ணெய், நீர், பிரேக், ஸ்டீரிங் ஆகியவற்றை மெக்கானிக் சோதித்த பிறகே ஓட்டலாம். ஒரு நாள் தாமதம், எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடும் செலவைத் தவிர்க்கும்.

முன்கூட்டிய ஏற்பாடு

ஸ்வீடன் தேசத்தில் 1959-ஆம் ஆண்டு முதல் புதிய டிராக்டர்களுக்கு, ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே வெகுவாய்க் குறைந்தது. சட்டத்துடன் இருக்கை வாரும் அணிந்தாலே முழுப்பயன் உண்டு. வாரில்லாதவர் வெளியே எறியப்பட்டு அச்சட்டத்தின் அடியிலேயே அகப்படுவர். ஓட்டுபவர் தவிர மற்றெவரையும் மட்கார்டின்மேல் ஏற்றலாகாது.

ஒவ்வொரு கிராமத்திலும் பொதுவாக ஓரிடத்தில் கம்பி வடம் இரண்டு, சங்கிலி ஒன்று, கனத்த மரக்கட்டைகள் இருபது, மண்வெட்டி, கடப்பாரை, சாக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைத்தல் வேண்டும். இவற்றின் செலவு பல பேர் பங்கிட்டால் பெரிதன்று. சரிவும் கரையும் உள்ள நிலங்களில் எங்கே டிராக்டர் செல்லலாகாது என்பதை உழவு தொடங்குமுன் கல்நட்டுக் குறித்து வைத்தால், அவ்வடத்திற்கு வேலையிராமலும் போகலாம்.