மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை

ஆட்கடத்தல் என்றதும், இருளில் வாயைப் பொத்தித் தூக்கிச் செல்லும் காட்சியே நம்மில் பலருக்கும் நினைவில் எழுகிறது. கொங்கு நாட்டில் அது பெரும்பாலும் அவ்விதம் வருவதில்லை. பட்டப்பகலில், தெரிந்த தரகரின் உருவில் வந்து, நம் திண்ணையிலேயே அமர்ந்து மோர் வாங்கிக் குடிக்கிறது.

'சுமங்கலித் திட்டம்' என வழங்கிய முறையை அங்கத்தினர் பலரும் அறிவர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் அது கைக்கொள்ளப்பட்டது. ஏழைக் குடும்பத்துப் பெண்களை, பதினெட்டு நிரம்பாதவர்களையும்கூட, தரகர்கள் அழைத்து வந்தனர். பயிற்சியாளர் என்று பெயர். மூன்றாண்டு விடுதி வாசம். முடிவில் திருமணத்திற்கென 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும் என்பது வாக்கு. அத்தொகை நன்கொடையன்று, அவளுடைய கூலியிலிருந்தே நிறுத்தி வைக்கப்பட்டது. நோயுற்று இடையில் விலகிய பெண்கள் பலர் அதனை இழந்து வெறுங்கையுடன் வீடு திரும்பினர். 2011-ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை இதனை வெளியுலகிற்கு உணர்த்திற்று. இத்தகைய முறைக்கு மங்கலச் சொல்லொன்றைச் சூட்டியவரின் சாமர்த்தியத்தை என்னென்பது! எல்லா ஆலைகளையும் ஒரே தட்டில் வைத்துக் கூறுவது நியாயமன்று. ஆயினும் பெயர் மாறியும் இம்முறை திரும்பி வரக்கூடும். ஆதலால் பெயரைப் பாராமல் நிபந்தனையைப் பார்க்க வேண்டும்.

கூலி மாதந்தோறும் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கு வருமா? இடையில் விலகினால், அன்றுவரை உழைத்த கூலி கிடைக்குமா? விடுதியிலிருந்து விரும்பியபோது வெளியே செல்லவும், வீட்டாருடன் தனிமையில் பேசவும் இயலுமா? ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் யார் கையில் இருக்கும்? தரகரிடம் இவற்றைக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் மழுப்பினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டதால் ஒன்றும் செய்ய இயலாது என்று அஞ்சுவோர் உண்டு. அது தவறு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 143-ஆம் பிரிவின்படி, ஆட்கடத்தல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டன்று. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆம் விதி தடுக்கும் கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது.

விசைத்தறிப் பட்டறையில் முன்பணம் வாங்கி, அதனை அடைக்கும்வரை வேறிடம் செல்ல இயலாது குடும்பத்தோடு கட்டுண்டு கிடப்பதும் இதற்கு உடன்பிறப்பே. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே அழித்துவிட்டது. அது கொத்தடிமைக் கடனன்று என நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவரையே சாரும். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுத்தால் விசாரித்து விடுதலைச் சான்று அளிப்பர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நம் ஊர்களுக்கு வேலைக்கு வந்திருப்போருக்கும் இச்சட்டம் உண்டு. மொழியறியாத அவர்களுக்கு அதனை எடுத்துச் சொல்ல நம்மையன்றி யார் உளர்?

தரகர் நுழைவது பெரும்பாலும் மழை பொய்த்த ஆண்டில், அல்லது வீட்டில் ஒருவர் படுக்கையில் வீழ்ந்த மாதத்தில். அப்பொழுது சங்கத்தின் நகைக்கடனோ பயிர்க்கடனோ காலத்தில் கிடைத்தால் அவருக்கு அவ்வீட்டில் வேலையில்லை. கடன் மனுவைக் காரணமின்றி ஒரு மாதம் கிடப்பில் போடும் சங்கம், தன்னையறியாமலே தரகருக்கு வழி திறந்துவிடுகிறது. நிர்வாகக் குழுவினர் இதனைச் சற்றுக் கசப்பாயினும் கேட்டுக்கொள்ள வேண்டும். மகளின் கலியாணச் செலவை எண்ணிக் கலங்குவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்று கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது. விண்ணப்பம் அவள் சேரும் கல்லூரியின் வழியாகவே செல்லும். எந்தத் தரகரும் தேவையில்லை.

ஐயம் எழுந்தால், சிறார்க்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்திற்கு 112. இம்மூன்று எண்களையும் சங்க அலுவலகத்தில் பாவு நூல் வழங்கும் இடத்தருகே, படிக்கத் தெரிந்த சிறுமியின் கண்மட்டத்தில் எழுதி வையுங்கள்.