வந்த இடத்தில் கற்ற மொழி

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி)

நம் கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியருள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வருகிறவர்கள். தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர்கள். "நமக்கு வேற்றுமொழி வராது" என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆங்கில வகுப்பில் பின்வரிசையைத் தேடுவதும், நேர்முகத் தேர்வு என்றதும் முகம் வாடுவதும் இந்த எண்ணத்தின் விளைவுகளே. ஆனால் இது உண்மைதானா? மொழி என்பது சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரமா? அல்லது முறையறிந்து உழைப்பவர் எவருக்கும் கிட்டும் பொருளா? தம் நாட்டை விட்டு வந்து, வந்த இடத்தில் மொழி கற்ற இளைஞர்களின் அன்றாட வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டுத் தேடி நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. என் ஊர் அடி அண்ணாமலை. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்புறமாக அமைந்த ஊர். ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் எங்கள் ஊரின் பெருமைகள். 1896-இல் இரமணர் அண்ணாமலைக்கு வந்தார். அவர் புகழ் கடல் கடந்து பரவிய பிறகு, வெளிநாட்டினர் இங்கு வருவதும் மாதக்கணக்கில் தங்குவதும் வழக்கமாயிற்று. இன்று எங்கள் தெருவில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகள் காதில் விழுகின்றன. பலர் தமிழில் ஒரு சொல்லும் அறியாமலே திரும்பி விடுகின்றனர், சிலர் கற்கின்றனர். அந்தச் சிலரிடம் நாம் அறிய வேண்டியவை பல உள்ளன.

கடற்கரைக்கு வந்தவர்களும் கடல் கடந்தவர்களும்

முதலில் வரலாற்றைக் காண்போம். ஸ்பெயினின் வடபகுதியில் உள்ள நவார் நாட்டில் 1506-இல் பிறந்த பிரான்சிஸ் சேவியர், 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். உள்ளூர் மக்கள் துணையுடன் வேண்டுதல்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கைமணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி ஒப்புவித்தார். அவர் நெஞ்சில் ஏறியது மனப்பாடமே, மொழி ஏறவில்லை. உரையாட அவருக்கு எப்போதும் ஒரு துணை வேண்டியிருந்தது.

அவருக்குப் பின் 1546-இல் இந்தியா வந்த போர்த்துக்கீசியர் அன்றிக்கே அன்றிக்கசு, வேறு வழியைத் தேர்ந்தார். கடற்கரை மக்களோடு வாழ்ந்து, கேட்ட சொற்களுக்கு விதி கண்டு, இலக்கணமாக எழுதி வைத்துக்கொண்டு கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் உழைப்பின் பயன். இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. 1600-இல் இறக்கும் வரை அவர் வாழ்வு பெரும்பாலும் அக்கரையிலேயே கழிந்தது.

நம்மவர் அயல்நாடு சென்று மொழி கற்றதுண்டா என்று கேட்கலாம். உண்டு. 1554-இல் லிஸ்பன் நகரில், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் இட்டுப் போர்த்துக்கீசியப் பொருளோடு ஒரு சிறு நூல் அச்சாயிற்று. அதை உருவாக்கியவர்கள் விசெந்தே தெ நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமே த குருஸ் ஆகிய மூவர். பெயர்கள் அயல்நாட்டுப் பெயர்களாயினும் அவர்கள் நம் கடற்கரையினரே. எனவே, ஐபீரிய மொழியொன்றைக் கற்று இரு மொழிக்கும் பாலமிட்ட தமிழர்கள் 470 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர் என்பது தெளிவு.

தரங்கம்பாடியில் ஒரு நாள்

மொழி கற்கும் இளைஞன் ஒருவனின் நாள் எப்படிக் கழிந்தது என்பதை மணிவாரியாக நமக்கு எழுதி வைத்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் 1682-இல் பிறந்த அவர், 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24. நம் முதுகலை மாணவர்களின் வயது என்றே சொல்லலாம். தமிழில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

அவர் செய்த முதல் வேலை, முதிய பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, திண்ணைப் பள்ளியையே தம் வீட்டுக்கு வரச் செய்தது. அங்கே சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் பார்த்த ஓர் இளைஞர், ஐந்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில் அமர நாணவில்லை. எழுத்து வந்தபின், பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்னும் தமிழர் அவருக்குத் துணையானார்.

1708-இல் அவர் எழுதிய கடிதத்தின்படி அவர் நாள் இவ்வாறு கழிந்தது: காலை 7 முதல் 8 வரை, முன்பு எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பது. 8 முதல் 12 வரை, முன்பு படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பது. அப்போது அருகில் ஒரு முதிய புலவர் இருந்து பொருள் சொல்வார். ஓர் எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். நண்பகல் உணவின்போதும் ஒருவர் படிக்கக் கேட்பது. பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல். விளக்கொளி கண்ணை வருத்துவதால் இரவு 7 முதல் 8 வரை பிறர் படிக்கக் கேட்பது. ஒரே நூலை நூறு முறை படித்ததும் உண்டு என்கிறார். இரண்டு ஆண்டுகளில் அவர் தொகுத்த சொற்கள் 20,000-ஐ எட்டின. 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. 1716-இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. 1719-இல், 36 வயதில் மறைந்தார்.

இந்த நாளை உற்று நோக்கினால் மாயம் ஒன்றும் தெரியவில்லை. பழைய பாடத்தைத் திருப்புதல், புதிய நூலைப் படித்தல், தெரிந்தவரிடம் கேட்டல், காதால் கேட்டல் ஆகிய நான்கே தெரிகின்றன. சமய நோக்கம் அவருடையது; முறை எவருக்கும் உரியது.

எங்கள் தெருவில் கண்டது

இனி நான் கண்டதைக் கூறுகிறேன். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த ஓர் இளம்பெண் எங்கள் பக்கத்து வீட்டு மாடியறையில் ஆறு மாதம் தங்கியிருந்தார். வயது இருபத்தைந்து இருக்கும். நான் 'அக்கா' என்றே அழைத்தேன். தமிழ் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மாலையில் அரைமணி அவருக்குத் தமிழ், அரைமணி எனக்கு ஸ்பானியம் என்று ஏற்பாடாயிற்று.

அவர் நூலைப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டு வந்தவர். முதல் வாரம் கடையில் போய், "நான் கத்திரிக்காய் வாங்க விரும்புகிறேன்" என்றார். கடைக்கார அண்ணன், "இன்னாம்மா வேணும்? கத்திரிக்காயா? எவ்ளோ?" என்றார். அக்காவுக்கு 'கத்திரிக்காய்' மட்டுமே விளங்கிற்று. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இத்தனை தொலைவு இருக்கும் என்று அந்நூல் அவருக்குச் சொல்லவில்லை. ஸ்பானியத்தில் எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு இடைவெளி இல்லை. அன்று முதல் அவர் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போட்டார்: ஒன்றில் 'வேண்டும்', எதிரில் 'வேணும்', ஒன்றில் 'என்ன', எதிரில் 'இன்னா'.

அவர் நாள் இப்படிச் சென்றது. விடியலில் பால் வாங்கும்போது எண்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஊர்ப் பெயர்கள். கோயில் வாசலில் பூக்கட்டும் பெரியம்மாவிடம் முழம், கால் படி என்னும் அளவுகள். பௌர்ணமி இரவில் தேநீர்க் கடை ஓரமாக அமர்ந்து, நடந்து செல்வோர் பேச்சைக் கேட்பது. இரவில் கேட்டவற்றை எழுதி, மறுநாள் மாலை என்னிடம் பொருள் கேட்பது.

அவரை மிகவும் வருத்தியவை உறவுமுறைச் சொற்கள். சித்தி, பெரியம்மா, அத்தை, மாமி ஆகிய நால்வருக்கும் ஸ்பானியத்தில் 'தீயா' என்னும் ஒரே சொல்தான். அதைவிடக் கடினமாக இருந்தது 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்'; சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. ஸ்பானியத்தில் இரண்டுக்கும் 'நொசோத்ரோஸ்' ஒன்றே. விதியை நான் பலமுறை சொல்லியும் அது அவர் நாவில் படியவில்லை. என் பாட்டி அவரிடம் பேசும்போதெல்லாம், "நாங்க இப்படித்தான் பொங்கல் வைப்போம்", "நாங்க இதைத் துன்ன மாட்டோம்" என்பார். நான்காம் மாதம் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பங்கரையில் இருந்த பாட்டி, "எங்கம்மா போவப் போற? உக்காரு. நாம கூழு குடிக்கலாம்" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாம?" என்று மெல்லக் கேட்டார். பிறகு குறிப்பேட்டை எடுத்து அச்சொல்லை எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியையும் இட்டார். அதன்பின் அவ்விரு சொற்களும் அவருக்கு மாறவே இல்லை. பள்ளிக்கூடமே அறியாத என் பாட்டி, நான் விளக்க முடியாத இலக்கணத்தை ஒரு சொல்லில் விளக்கிவிட்டார்.

ஸ்பானியம் நமக்கு அயலா?

நான் கற்ற பாடத்திலிருந்து சிலவற்றை இங்கே தருகிறேன். ஸ்பானியம் ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழி. 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு மொழிகளுள் ஒன்று. எழுதியபடியே பெரும்பாலும் படிக்கலாம். உயிரொலிகள் அ, எ, இ, ஒ, உ என ஐந்தே. ஆங்கிலேயர் திணறும் நம் 'ஞ' ஒலிக்கு அங்கே தனியெழுத்து உண்டு; தங்கள் நாட்டை அவர்கள் 'எஸ்பாஞா' என்கின்றனர். நமக்கு மரம், மறம் வேறாதல் போல, 'பெரோ' என்றால் 'ஆனால்'. ரகரத்தை அழுத்திப் 'பெர்ரோ' என்றால் நாய்.

வினைமுற்றே பேசுபவரைக் காட்டும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார் என்பவை 'ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா'. ஆகவே 'நான்', 'நீ' என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டுவதில்லை. நீ, நீங்கள் என்பதற்கு ஒப்பாகத் 'தூ', 'உஸ்தெத்' உண்டு. எனக்குப் பெருவியப்பு அளித்தது இது: நாம் "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்கிறோம். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக வரவேண்டும். ஸ்பானியத்திலோ "மே குஸ்தா எல் கஃபே". இங்கே 'மே' என்பது 'எனக்கு' என்பதேயாம்.

'ஸேர்', 'எஸ்தார்' என்னும் இரு வினைகள் கற்போரைக் குழப்பும் என்பர். இங்கும் தமிழ் ஓரளவு கைகொடுக்கிறது. "நான் மாணவி" என்பதில் 'இரு' வராது, அங்கே 'ஸேர்'. "வீட்டில் இருக்கிறேன்", "களைப்பாக இருக்கிறேன்" என்பவற்றில் 'இரு' வரும், அங்கே 'எஸ்தார்'. ஆயினும் இது முழுமையான விதியன்று. "அவள் உயரமாக இருக்கிறாள்" என்பதற்கு 'ஸேர்' வினையே வரும். மேசை பெண்பால், நூல் ஆண்பால் என்று அஃறிணைக்கும் பால் வகுப்பது நமக்குப் புதிது. மனத்தில் இருத்தியே ஆகவேண்டும்.

சொற்களிலும் உறவு உண்டு. போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்த மேசை, அலமாரி, சாவி, பாதிரி ஆகியவற்றை ஸ்பானியர் மேசா, அர்மாரியோ, யாவே, பாத்ரே என்பர். நம் கட்டுமரம் அங்கே 'கத்தமரான்' ஆகியிருக்கிறது.

நாம் கொள்ள வேண்டியவை

இவற்றால் நாம் அறிவன யாவை? ஒன்று, மனப்பாடம் மட்டும் மொழியாகாது. இரண்டு, நாள்தோறும் குறித்த நேரத்தில் பழையதைத் திருப்பிப் புதியதைச் சேர்க்க வேண்டும். மூன்று, கேட்ட சொல்லை அன்றே எழுதிவைத்து மறுநாள் பயன்படுத்த வேண்டும். நான்கு, கற்பிப்பவர் வயதிலோ படிப்பிலோ சிறியவர் என்று நாணக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் பெங்களூரில் பல ஆண்டுகள் கட்டட வேலை செய்தவர். மேஸ்திரியிடம் கணக்குப் பேசும் அளவுக்குக் கன்னடம் பேசுவார்; தெலுங்கும் ஓரளவு வரும். ஆனால், "எத்தனை மொழி தெரியும்?" என்று யாரேனும் கேட்டால், "நான் படிக்காதவன், எனக்கு என்ன தெரியும்?" என்பார். சீகன்பால்க் தரங்கம்பாடியில் செய்ததையும், ஸ்பெயின் நாட்டு அக்கா எங்கள் தெருவில் செய்ததையும் என் தந்தையார் சாரத்தின்மேல் நின்றே செய்திருக்கிறார். நூலில் இருந்தால் கல்வி, கூலி வேலையில் வந்தால் அது கல்வியன்று என்னும் எண்ணமே அவரை அப்படிச் சொல்லவைக்கிறது. நம் வீடுகள் பலவற்றில் இத்தகையோர் உள்ளனர். அவர்கள் பிள்ளைகளாகிய நாம் 'நமக்கு மொழி வராது' என்பது பொருந்துமா?

ஸ்பெயின் அரசு 1991-இல் தொடங்கிய செர்வாந்தெஸ் நிறுவனத்தின் கிளை ஒன்று புதுதில்லியில் இயங்குகிறது. அந்நாட்டு மொழிச் சான்றிதழ்த் தேர்வு தொடக்க நிலை முதல் உயர் நிலை வரை ஆறு படிகளாக நடத்தப்படுகிறது. முதற்படித் தேர்வுக்கு நான் ஆயத்தமாகி வருகிறேன். விரும்பும் தோழியர் மாலையில் கல்லூரி நூலகத்தின் பின்புற வேப்பமரத்தடிக்கு வரலாம். என்னிடம் இருப்பது ஒரு குறிப்பேடுதான். அதில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் நிறைய உள்ளன.