விடுமுறையில் பல் வைத்தியம்: மிச்சம் எவ்வளவு?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து வளைகுடா சென்ற நம் குடும்பத்தார், விடுமுறையில் ஊருக்கு வந்து முடிக்கும் வேலைகளில் பல் வைத்தியமும் ஒன்று. திருவனந்தபுரத்தில் 1959-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இன்று நம் பக்கத்தில் நல்ல மருத்துவர்களுக்குக் குறைவில்லை, செலவும் குறைவு.

ஆனால் ரயில்வேயில் பாலத்துக்கு எஸ்டிமேட் போடும்போது கட்டும் செலவை மட்டும் பார்க்க மாட்டோம், பராமரிப்பையும் சேர்ப்போம். தோஹாவிலிருக்கும் என் மகனுக்கு எழுதிக் கொடுத்த கணக்கை இங்கே தருகிறேன்.

இரண்டு பற்களுக்கு அங்கே ரூ. 1,60,000, இங்கே ரூ. 60,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒரு லட்சம். விடுமுறைக்கு எப்படியும் வருவதால் அந்த டிக்கெட்டைச் சேர்க்க வேண்டாம். கோளாறு வந்து தனியாக ஒருமுறை வர நேர்ந்தால் டிக்கெட் ரூ. 35,000, சம்பள இழப்பு ரூ. 30,000. மிச்சம் ரூ. 35,000 ஆகிவிடும். இன்னொரு முறை வந்தால் ரூ. 30,000 கைநஷ்டம்.

ஆகவே சிகிச்சையின் வகையைப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்வதும் சொத்தை அடைப்பதும் ஓரிரு நாள் வேலை. ரூட் கானல் செய்து கேப் போட, வந்த முதல் வாரமே தொடங்குங்கள். பல் பிடுங்கினால் மூன்றாம் நாள் வலி கூடவும் வாய்ப்புண்டு. புறப்படுவதற்குமுன் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

இம்பிளாண்ட் அப்படியல்ல. தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதிக்கும் இம்முறையை ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனேமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். எலும்பு திருகோடு இறுகப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கான்கிரீட் இறுகுமுன் பாலத்தில் ரயில் விடுவதுண்டா? உடனே பல் பொருத்துவது சிலருக்கே சரிப்படும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். மருத்துவர் சம்மதித்தால் இந்த விடுமுறையில் திருகு, அடுத்த விடுமுறையில் பல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தனி டிக்கெட் மிச்சம்.

கேட்க வேண்டியவை மூன்று:

1. மருத்துவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா?

2. எக்ஸ்ரே நகலும், திருகின் கம்பெனி, அளவு, லாட் எண்ணும் எழுத்தில் கிடைக்குமா?

3. கோளாறு வந்தால் நீங்கள் வேலைபார்க்கும் ஊரில் கவனிக்கும் மருத்துவர் உண்டா?

மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் முன்பணம் கொடுங்கள். வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம். கணக்குப் பார்ப்பதில் வெட்கமில்லை.