திரைக்கு அப்பால் மருத்துவர்

சித்தூர் மாவட்டத்தின் குடிபாலா மண்டலம், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. தெலுங்கும் தமிழும் இங்கு அருகருகே வழங்குகின்றன. இத்தகைய எல்லையோரச் சிற்றூர்களின் நலவாழ்வு மையங்களில் பணிபுரிவோர், நோயாளியின் சொல்லைத் தொலைவிலுள்ள மருத்துவரிடம் சேர்க்கும் பொறுப்பையும் சுமக்கின்றனர். இன்று அப்பணிக்கு இணையம் துணைநிற்கிறது.

இம்முயற்சிக்கு இம்மாவட்டத்திலேயே ஒரு முன்வரலாறு உண்டு. அரகொண்டா என்னும் சிற்றூரில் அப்போலோ நிறுவனம் ஒரு மருத்துவமனையை அமைத்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த மருத்துவர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் அது. அங்கிருந்து சென்னை மருத்துவர்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கலந்தாலோசிக்கும் தொலைமருத்துவ வசதியை, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் 2000ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று தொடங்கி வைத்தார். அன்று அரிதாக இருந்த அவ்வசதி பின்னர் பரவலாயிற்று. நடுவண் அரசின் 'இ-சஞ்சீவனி' திட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதலாக ஆந்திரத்தில்தான் செயல்பாட்டுக்கு வந்தது.

இதில் நோயாளி தனியே திரையின்முன் அமர்வதில்லை. மையத்தின் சுகாதார அலுவலர் அவரை விசாரித்து, வயது, உடல்வெப்பம், இரத்த அழுத்தம், நோய்க்குறிகள் ஆகியவற்றைக் கணினியில் பதிவு செய்கிறார். அதன்பின் காணொளி வழியே மருத்துவர் உரையாடி, மருந்துச்சீட்டை மின்வடிவில் அனுப்புகிறார். மருத்துவரால் தொட்டுப் பார்க்க இயலாது. ஆதலால் அலுவலரின் சொல்லே அவருக்குக் கண்ணும் கையும் ஆகிறது.

இடர் இங்குதான் தோன்றுகிறது. "மயக்கமாக இருக்கிறது" என்று ஒரு முதியவர் கூறுகிறார் எனக் கொள்வோம். தலைசுற்றலையும் மயக்கம் என்பர். நினைவிழந்து விழுவதையும் மயக்கம் என்பர். இரண்டிற்கும் மருத்துவம் ஒன்றன்று. "கீழே விழுந்தீர்களா? நினைவு இருந்ததா?" என்று கேட்டறியாமல் "மயக்கம்" என ஒற்றைச் சொல்லைப் பதிவது போதாது. தெலுங்கிலோ தலைசுற்றலைக் 'கண்கள் சுழல்கின்றன' என்னும் பொருளில் கூறுவர். கண்களுக்குரிய தெலுங்குச் சொல் 'கள்ளு'! அதைத் தமிழ் மட்டும் அறிந்தவர் கேட்டால், நோயாளி குடித்துவிட்டு வந்தார் என்றே எண்ணக்கூடும்.

"நெஞ்சு எரிகிறது" என்பது இதனினும் அச்சம் தருவது. அது செரிமானக் கோளாறாக இருக்கலாம். மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். பின்வரும் இரு பதிவுகளை ஒப்பிடுக:

அ) நெஞ்செரிச்சல். மருந்து தேவை.

ஆ) 58 வயது ஆண். காலை 6 மணி முதல் நடுநெஞ்சில் எரிச்சல். வியர்வை மிகுதி. இடக்கையில் வலி. நீரிழிவு நோய் உள்ளவர்.

முதற்பதிவைக் காணும் மருத்துவர் அடுத்த நோயாளியை முதலில் அழைக்கக்கூடும். இரண்டாவதைக் காண்பவர் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்வார். இணைப்பின் வேகம் இருவருக்கும் ஒன்றே.

நோயாளியின் சொல்லையும் அலுவலரின் கருத்தையும் கலந்து எழுதுவதும் தவறு. "நான்கு நாள்களாகக் காய்ச்சல் என்கிறார், இப்போது உடல்வெப்பம் 101 பாகை" என்பதில் கேட்டது எது, அளந்தது எது என்பது விளங்குகிறது. இணைப்பு இடையில் அறுந்தாலும் இவ்வெழுத்து நிலைக்கும். மறுமுறை நோயாளி வேறோர் அலுவலரிடம் வரும்போதும் பயன்படும். இவ்விவரங்களைக் கைப்பேசிக் குழுக்களில் பகிர்தல் கூடாது. அவை நோயாளிக்கு உரியவை.

பயிற்சி

1. 'மயக்கம்' என்னும் சொல்லின் இரு பொருள்களையும் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.

2. "குழந்தைக்கு வயிறு சரியில்லை" என்று ஒரு தாய் கூறுகிறார். மருத்துவருக்கு எழுதுமுன் அலுவலர் கேட்கவேண்டிய நான்கு வினாக்களை எழுதுக.

3. அவ்வினாக்களுக்கு விடைகளைக் கற்பனை செய்து, ஐந்து வரிகளுக்கு மிகாத பதிவு ஒன்றை உருவாக்குக.