பெயர் மாறிய மகிழுந்து

நுழையும்முன்

பிறந்த ஊர் ஒன்றாகவும் வாழ்ந்த ஊர் வேறாகவும் அமைவது மனிதர்க்கு மட்டுமன்று, பொருள்களுக்கும் உண்டு. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் கோலார் தங்கவயலைத் தம் ஊராக்கிக்கொண்டனர். அவ்வாறே இத்தாலியில் பிறந்து, இந்தியச் சாலைகளைத் தன் வீடாக்கிக்கொண்ட ஒரு மகிழுந்தின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

சுண்டெலி என்னும் செல்லப்பெயர்

வட இத்தாலியில் உள்ள தூரின் நகரில் 1899ஆம் ஆண்டு ஒரு மோட்டார் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 'தூரின் இத்தாலிய மோட்டார் வண்டித் தொழிற்சாலை' என்னும் பொருளுடைய நான்கு இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து 'பியட்' என்னும் பெயர் உருவாயிற்று.

அக்காலத்தில் மகிழுந்து செல்வர்களின் உடைமையாகவே இருந்தது. நடுத்தரக் குடும்பத்தினரும் வாங்கத்தக்க சிறிய வண்டி ஒன்றை உருவாக்கப் பியட் முயன்றது. தாந்தே ஜாக்கோசா என்னும் பொறியாளரின் உழைப்பால் 1936இல் 'பியட் 500' வெளிவந்தது. அதன் உருவைக் கண்ட மக்கள் 'டோபோலினோ' என்று செல்லமாக அழைத்தனர். இத்தாலிய மொழியில் அதற்குச் 'சுண்டெலி' என்பது பொருள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1957 சூலை 4ஆம் நாள், அதே ஜாக்கோசா உருவாக்கிய 'புதிய 500' அறிமுகமாயிற்று. அதன் நீளம் மூன்று மீட்டரைக்கூட எட்டவில்லை. இயந்திரம் பின்புறத்தில் இருந்தது. கூரையின் ஒரு பகுதி சுருட்டி மடிக்கத்தக்க துணியால் ஆனது. 1975 வரை 35 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாகின. இத்தாலியின் குறுகிய தெருக்களுக்கு ஏற்ற அச்சிற்றுருவம் அந்நாட்டு மக்களின் நெஞ்சில் இடம்பெற்றது.

பம்பாய்க்கு வந்த விருந்து

இச்சுண்டெலி இந்தியாவுக்கும் வந்தது. வால்சந்த் ஈராசந்த் என்னும் தொழில் முனைவோர் 1944இல் 'பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். மைசூர் அரசின் துணையோடு 1940இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையை நிறுவியவரும் இவரே. பம்பாயின் குர்லா பகுதியில் அமைந்த பிரீமியர் தொழிற்சாலையில், 1950களின் தொடக்கத்தில், பியட் 500 வண்டியின் பாகங்கள் இணைக்கப்பட்டன.

ஆயினும் இந்தியக் குடும்பங்களுக்குச் சற்றுப் பெரிய வண்டி தேவைப்பட்டது. 1954இல் 'பியட் 1100' வந்தது. இத்தாலிய மொழியில் 'ஆயிரத்து நூறு' என்பதைக் குறிக்கும் 'மில்லெசென்டோ' என்னும் பெயரும் அதற்கு வழங்கியது. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இணைத்த தொழிலாளர்கள், படிப்படியாக அவற்றை இங்கேயே செய்யக் கற்றனர். 1964இல் இவ்வண்டியின் அடுத்த வடிவமாகிய 'பியட் 1100 டிலைட்' வெளிவந்தது.

தாமரையின் பெயர்

1970களின் தொடக்கத்தில் பியட்டுடனான உரிம ஒப்பந்தம் முடிவுற்றது. எனவே அவ்வண்டி 1972இல் 'பிரீமியர் பிரசிடெண்ட்' என்றும், 1974இல் 'பிரீமியர் பத்மினி' என்றும் பெயர் பெற்றது. தாமரையைக் குறிக்கும் 'பத்மம்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது 'பத்மினி'. சித்தூர் அரசி பத்மினியின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. இச்சித்தூர் தங்கவயலை அடுத்துள்ள ஆந்திரச் சித்தூர் அன்று. இராசத்தானத்தின் கோட்டை நகரம்.

இத்தாலியில் 1969இலேயே 1100 வகை வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. பிறந்த நாடு மறந்த வண்டி, வந்த நாட்டில் மேலும் முப்பது ஆண்டுகள் உருவாகிக்கொண்டிருந்தது. பெயர் மாறிய பின்னும் மக்கள் அதனைப் 'பியட்' என்றே அழைத்தனர்.

காத்த கைகள்

அவ்வண்டி நெடுங்காலம் வாழ்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் எளிய அமைப்பு. 1089 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட இயந்திரம் சுமார் 40 குதிரைத்திறன் ஆற்றல் தந்தது. மூடியைத் திறந்தால் பாகங்கள் தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படும். கணினிக் கருவிகள் இன்றியே, கண்ணும் காதும் கைத்திறனும் கொண்டு பட்டறைத் தொழிலாளர்கள் பழுது நீக்கினர். பம்பாயில் கறுப்பும் மஞ்சளும் பூசிய வாடகை வண்டியாக ஓடி, எண்ணற்ற ஓட்டுநர் குடும்பங்களுக்கு அது சோறிட்டது.

இரண்டாவது காரணம் பெருமைக்குரியதன்று. அக்காலத்தில் அரசின் உரிமமின்றி எவரும் மகிழுந்து உற்பத்தி செய்ய இயலாது. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் கிடைத்தன. பணம் கட்டியோர் வண்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். போட்டி இல்லாமையால் புதுமையும் இல்லை. 1983இல் மாருதி 800 வந்தபோது, குறைந்த எரிபொருளில் ஓடும் அவ்வண்டியை மக்கள் நாடினர். அன்புக்குரிய பத்மினி மெல்லப் பின்தங்கியது. ஏறத்தாழ 2000ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது.

அதனையொட்டி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் கோலார் தங்கச் சுரங்கமும் மூடப்பட்டது. தங்கம் எடுக்கும் செலவு, கிடைத்த தங்கத்தின் மதிப்பை விஞ்சியது. பழைமையைப் போற்றுவதால் மட்டும் ஒரு தொழில் நிலைப்பதில்லை என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

எனினும் உற்பத்தி நின்ற அன்றே பத்மினி மறையவில்லை. பழுது நீக்கத் தெரிந்த கைகள் இருந்தமையால், மும்பைத் தெருக்களில் அது 2023 அக்டோபர் வரை வாடகை வண்டியாக ஓடியது. சுரங்கம் மூடிய பின்னும் தங்கவயலும் வெறிச்சோடிவிடவில்லை. நாள்தோறும் விடியலில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்பும் மக்கள் அதனை உயிரோடு வைத்திருக்கின்றனர். தொழில் மூடப்படலாம், தொழில் கற்ற கைகள் வேறு வேலை தேடிக்கொள்ளும்.

அருஞ்சொற்பொருள்

உரிமம் – அனுமதிச் சான்று
உருளை – இயந்திரத்தில் எரிபொருள் எரியும் குழல்
விஞ்சுதல் – மிகுதல்
பட்டறை – பழுது நீக்கும் தொழிற்கூடம்

இலக்கணம் அறிவோம்: திசைச்சொல்

வடமொழி அல்லாத பிற மொழிகளிலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொற்கள் திசைச்சொற்கள் எனப்படும். சாவி, சன்னல், மேசை ஆகியவை போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. வடமொழியிலிருந்து வந்தவை வடசொற்கள் எனப்படும். 'பத்மம்' என்னும் வடசொல்லைத் தமிழ் தன் ஓசைக்கேற்பப் 'பதுமம்' என மாற்றிக்கொண்டது. இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய பெயர்களில் முற்பகுதி அயல்மொழிப் பெயர்; பிற்பகுதி 'பேட்டை' என்னும் நம் சொல்.

மதிப்பீடு

அ) பொருத்துக.
1. டோபோலினோ – ஆயிரத்து நூறு
2. மில்லெசென்டோ – தாமரை
3. பத்மம் – சுண்டெலி

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'பியட்' என்னும் பெயர் எவ்வாறு உருவாயிற்று?
2. பியட் 1100 வண்டியின் பெயர் மாறியதற்குக் காரணம் யாது?
3. மாருதி 800 வண்டியை மக்கள் நாடியது ஏன்?

இ) விரிவாக விடை எழுதுக.
'பத்மினி நெடுங்காலம் ஓடியதற்கு மக்களின் அன்பு மட்டுமே காரணம்.' இக்கூற்றை ஏற்கிறீர்களா? பாடத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.

ஈ) வகைப்படுத்துக: திசைச்சொல், வடசொல்.
சாவி, பத்மினி, மேசை, பதுமம், சன்னல்

உ) செயல்பாடு
உம் வீட்டுப் பெரியவர்களிடம், உம் குடும்பம் எந்த ஊரிலிருந்து தங்கவயலுக்கு வந்தது, முதலில் என்ன வேலை செய்தது எனக் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக. அவர்கள் பேச்சில் வந்த திசைச்சொற்களை அடிக்கோடிடுக.